குள்ள ஹம்ஸ்ரரின் இரவும் பகலும்

மத்திய ஆசியாவின் புல்வெளிகளிலும் மணற்பாங்கான பாலை நிலங்களிலும், மனிதனுடைய உள்ளங்கையில் அடங்கத்தக்க ஒரு சிறு விலங்கு வாழ்கின்றது. குட்டை வால், உருண்டு திரண்ட உடல், விதைகளை நிரப்பிக்கொண்டு ஓடுவதற்கேற்ற கன்னப் பைகள், மயிர் மூடிய பாதங்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். மேனாட்டார் அதனைக் குள்ள ஹம்ஸ்ரர் என வழங்குவர். ஹம்ஸ்ரரை வெள்ளெலி என்று தமிழிற் பெயர்த்தெழுதுவாரும் உளர். ஆயின், நம் மக்கள் வயலோரங்களிலே கண்டு வெள்ளெலி எனப் பெயரிட்ட எலி வேறோரினத்தைச் சார்ந்தது. ஆதலால் இவ்வுரையில் ஹம்ஸ்ரர் என்ற பெயரையே கையாளுகின்றேன்.

இச்சிற்றுயிர் எப்பொழுது விழித்தெழுகின்றது? எப்பொழுது இரை தேடுகின்றது? எப்பொழுது உறங்குகின்றது? கேட்பதற்கு இவை மிக எளிய வினாக்கள். எனினும், இவற்றிற்குத் தக்க விடை காண அறிஞர்களுக்கு இரு நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் வேண்டியிருந்தது. முதலில் அதன் தோலையும் எலும்பையும் ஆராய்ந்தனர். பின்னர் அதனைக் கூண்டிலடைத்து அதன் ஓட்டத்தை அளந்தனர். அதன் பின்னரே அது வாழுமிடத்தில் அதனை இரவிரவாகப் பின்தொடர்ந்தனர். இம்மூன்று படிகளிலும் அவர்கள் எதனைக் கற்றனர், எதனைக் காணத் தவறினர் என்பதே நேயர்களுக்கு இன்று யான் கூறப்புகும் வரலாறு.

1741 ஆம் ஆண்டு பேர்லின் நகரிற் பிறந்தவர் பீற்றர் சைமன் பல்லாஸ் என்னும் இயற்கை நூலறிஞர். இரஷ்யப் பேரரசி இரண்டாம் கதரீனின் அழைப்பை ஏற்று அந்நாட்டிற்குச் சென்ற அவர், சென் பீற்றர்ஸ்பேர்க் விஞ்ஞானக் கழகத்தின் சார்பில் 1768 முதல் 1774 வரை நெடும்பயணமொன்றை மேற்கொண்டார். வொல்கா ஆற்றுப் பகுதி, யூரல் மலை, சைபீரியா, பைக்கால் ஏரிக்கு அப்பாலுள்ள நிலம் ஆகியவற்றையெல்லாம் அவர் சுற்றி வந்தார். வழியிற் கண்ட செடி, விலங்கு, கல், மக்களின் வழக்கம் யாவற்றையும் குறித்து வைத்தார். அப்பயண நூலில் 1773 ஆம் ஆண்டு வெளிவந்த பகுதியிலேதான் குள்ள ஹம்ஸ்ரர் முதன்முதலாக விஞ்ஞான உலகிற்கு அறிமுகமாயிற்று. ஹம்ஸ்ரர்களைத் தனிப் பேரினமாக வகுக்காத காலமாதலின், பல்லாஸ் அதனை எலிகளின் பேரினத்திற் சேர்த்து, சுங்காரியா என்னும் நாட்டின் பெயரை அதற்குச் சூட்டினார். சுங்காரிய ஹம்ஸ்ரர் என இன்றும் நிலவும் பெயர் அவ்வழி வந்ததே.

மற்றைய இரண்டு இனங்கள் அறியப்படுவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டிற்கு மேற் சென்றது. 1893 முதல் 1895 வரை மத்திய ஆசியாவில் ஆய்வுப் பயணம் நடத்திய இரஷ்யப் படைத் தலைவர் வசெவொலொட் ரொபொரோவ்ஸ்கியின் குழுவினர், 1894 ஆம் ஆண்டு நான்ஷான் மலைப்பகுதியில் மிகச் சிறிய ஹம்ஸ்ரர் ஒன்றைப் பெற்றனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ரொபொரோவ்ஸ்கி பாரிசவாதத்தால் வீழ்ந்தார். பயணமும் இடையிலே திரும்ப நேர்ந்தது. அவர் கொணர்வித்த அச்சிறு தோலை ஆராய்ந்த கொன்ஸ்ரன்ரின் சத்துனின், 1903 இல் அதற்கு அவருடைய பெயரையே இட்டார். குள்ள ஹம்ஸ்ரர்களுள் இதுவே மிகச் சிறியது. நிறை ஏறத்தாழ 20 கிராம். கண்ணின் மேல் வெண்புருவம் போன்ற புள்ளிகள் இதற்கு உண்டு.

சீன தேசத்திற் பிரித்தானியத் தூதரகப் பணியாற்றிய சார்ள்ஸ் வில்லியம் கம்பல் என்பவர் 1902 இல் மொங்கோலியாவிற் பயணஞ் செய்தபோது மற்றோரினத்தைச் சேர்த்தார். இலண்டன் நூதனசாலையின் விலங்கியலறிஞர் ஓல்ட்ஃபீல்ட் தோமஸ் 1905 இல் அதனைக் கம்பலின் பெயரால் விவரித்தார். 1910 இல் அமெரிக்க அறிஞர் கெரிட் மில்லர் குள்ள ஹம்ஸ்ரர்களுக்குத் தனிப் பேரினம் வகுத்து, ஃபோடோபஸ் எனப் பெயரிட்டார். உள்ளங்காலிலுள்ள கொப்புளம் போன்ற மேட்டைக் கருதி, கொப்புளக்கால் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களாலமைந்த பெயர் அது.

இவ்வாறு 1910 ஆம் ஆண்டளவில் மூன்று இனங்களும் பெயர் பெற்றுவிட்டன. பல்வரிசையும் மண்டையோடும் அளக்கப்பட்டுவிட்டன. ஆனால் அவ்விலங்கின் ஒரு நாளைப்பற்றி அறிஞர் அறிந்திருந்தது மிகச் சிறிதே. இதற்குக் காரணம் அவர்கள் கையாண்ட முறையிலேயே இருந்தது. நூதனசாலைத் தோலிற் கட்டிய சீட்டிலே இடம், நாள், சேர்த்தவர் பெயர், உடலளவு ஆகியவை எழுதப்பெறும். அவ்வுயிர் எத்தனை மணிக்கு வளையை விட்டு வெளியே வந்தது என்பது எழுதப்பெறுவதில்லை. மாலையில் வைத்த பொறியைக் காலையிற் சென்று பார்ப்பவன், அவ்விரவில் ஏதோ ஒரு நேரத்தில் விலங்கு அவ்வழியே வந்தது என்பதை மட்டும் அறிவான். அது அந்திக் கருக்கலிலா, நள்ளிரவிலா, வைகறையிலா என்பதைப் பொறி கூறாது.

இனி இரண்டாம் படியாகிய கூண்டிற்கு வருவோம். உயிர்களின் நாளொழுங்கு வெளியிலுள்ள ஒளியினால் மாத்திரம் நடப்பதன்று என்னும் உண்மைக்கு முதற் சான்று ஒரு செடியிலிருந்து கிடைத்தது. 1729 ஆம் ஆண்டு பிரான்சிய அறிஞர் தெ மெரான், தொட்டாற்சுருங்கி இனத்தது எனக் கருதப்படும் ஒரு செடியை இருளில் வைத்தார். சூரியனைக் காணாதபோதும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவிற் குவிந்தன. விலங்குகளின் நாளொழுங்கை அளக்கச் சுழலும் சக்கரம் உதவிற்று. 1922 இல் அமெரிக்க ஆய்வாளர் கேர்ட் ரிக்ரர் எலிகளின் இயக்கத்தை அளந்து வெளியிட்டார். சக்கரத்தின் ஒவ்வொரு சுழற்சியும் காகிதத்தில் ஒரு கோடாகப் பதியும். நாட்கோடுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டினால், விலங்கு எந்நேரம் ஓடிற்று, எந்நேரம் ஓய்ந்தது என்பது கண்முன் தோன்றும். தொடர்ந்து இருளில் வைத்தாலும் அவ்வோட்டம் ஏறத்தாழ 24 மணிக்கொருமுறை மீளும். உடலினுள்ளே ஒரு கடிகாரம் உண்டு. அதனை நாடோறும் திருத்திவைப்பது வெளியொளி என்ற கொள்கை இவ்வாறு உரம்பெற்றது.

இக்கூண்டிலே சுங்காரிய ஹம்ஸ்ரர் அறிஞருக்கு ஒரு வியப்பை அளித்தது. ஜேர்மனியில் கிளவுஸ் ஹொஃப்மனும் அவரைச் சார்ந்தோரும் 1970 ஆம் ஆண்டுகளில் அதன் ஆண்டொழுங்கை ஆராய்ந்தனர். கோடையிற் சாம்பல் நிறமாயிருக்கும் இவ்விலங்கு மாரியில் வெண்மயிர் போர்த்துக்கொள்கின்றது, இனப்பெருக்கத்தை நிறுத்திவிடுகின்றது, உடல் நிறையும் பெரிதும் குறைகின்றது. குளிரினாலன்றிப் பகற்பொழுதின் குறுக்கத்தினாலேயே இம்மாற்றங்கள் தொடங்குகின்றன என அவர்கள் காட்டினர். வெதுவெதுப்பான அறையில், உணவு குறைவின்றிக் கிடைத்தபோதும், விளக்கொளி நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 மணி நேரத்திற் குறைந்தால் ஹம்ஸ்ரர் மாரிக்கோலம் பூணத் தொடங்கியது.

இது நம் நாட்டவர்க்கு எளிதிற் புலப்படாத செய்தி. நிலநடுக்கோட்டை அடுத்திருக்கும் யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. மேற்குச் சைபீரியாவிலுள்ள ஒம்ஸ்க் நகரிலோ, ஆனி மாதத்துப் பகல் 17 மணிக்கும் மேல் நீளும். மார்கழியில் அது ஏறத்தாழ 7 மணியாகக் குறுகும். அத்தகைய நாட்டில் பகலின் நீளமே பிழையாத பஞ்சாங்கம். அப்பஞ்சாங்கத்தை உடல் எவ்வாறு வாசிக்கின்றது என்பதும் இவ்விலங்கைக் கொண்டே பெரிதும் விளங்கலாயிற்று. மூளையிலுள்ள கூம்புச் சுரப்பி இரவில் மெலற்றோனின் என்னும் சுரப்பைச் சொரிகின்றது. இரவு நீண்டால் அச்சுரப்பும் நெடுநேரம் நீடிக்கின்றது. அமெரிக்காவில் புரூஸ் கோல்ட்மனும் அவருடன் உழைத்தோரும், கூம்புச் சுரப்பியை நீக்கிய ஹம்ஸ்ரர்களுக்கு மெலற்றோனினை நெடுநேரமும் குறுநேரமும் செலுத்திப் பார்த்தனர். சுரப்பு நீடிக்கும் நேரமே பருவத்தை உடலுக்கு அறிவிக்கின்றது என 1983 இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று.

இதனினும் வியப்பானதொன்றை 1981 இல் ஹெல்ட்மையர், ஸ்ரைன்லெக்னர் என்னும் ஜேர்மன் அறிஞர் இருவர் விரித்துரைத்தனர். சுங்காரிய ஹம்ஸ்ரர் மாதக்கணக்கில் மாரியுறக்கம் கொள்ளும் விலங்கன்று. அதற்குப் பதிலாக, மாரிக்காலத்துப் பல நாள்களில் அது காலையில் வளைக்குத் திரும்பியபின் தன் உடலைக் குளிரவிடுகின்றது. 37 பாகை அளவில் இருக்கவேண்டிய உடல் வெப்பம் 20 பாகைக்கும் கீழே இறங்கும். சில மணி நேரம் அவ்வாறு கிடந்தபின், இருள் சூழுமுன் தன் உடற்சூட்டைத் தானே மூட்டிக்கொண்டு எழுந்து, இரவில் இரை தேடப் புறப்படும். உணவு நிறையக் கிடைக்கும் கூண்டிலும் இக்குளிருறக்கம் நிகழ்வதால், இது பசியின் விளைவு மட்டுமன்று என்பது தெளிவு. மேலும், குறும்பகல் தொடங்கியவுடன் இது வருவதில்லை. ஏறத்தாழ மூன்று மாதங்கள் சென்று, உடல் மெலிந்து வெண்மயிர் நிறைந்தபின்னரே வருகின்றது. சைபீரியாவில் அக்காலம் கொடுங்குளிரின் காலம்.

ஆகவே, ஹம்ஸ்ரர் எப்பொழுது உறங்குகின்றது என்ற வினாவிற்கு ஒரே விடை கூறவியலாது என்பது கூண்டில் நடத்திய ஆராய்ச்சியாற் பெற்ற பேறு. கோடை நாளின் ஒழுங்கு ஒன்று. மாரி நாளின் ஒழுங்கு பிறிதொன்று. நாட்கடிகாரத்தோடு ஆண்டுப் பஞ்சாங்கமும் அச்சிறிய உடலிற் பிணைந்து கிடக்கின்றது.

எனினும், கூண்டின் சான்றை முற்றாக நம்புவதற்கு இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது, பெயர்க் குழப்பம். கம்பலின் ஹம்ஸ்ரர் சுங்காரிய ஹம்ஸ்ரரின் ஓர் உபவினமே என நெடுங்காலம் பலர் கருதிவந்தனர். இரண்டும் முதுகிற் கருங்கோடு உடையவை. பார்வைக்கு மிக ஒத்தவை. இதனால், ஒரே பெயரின் கீழ் இருவேறு விலங்குகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரைகளும் உண்டு. இன்று அவை தனித்தனி இனங்களென ஏற்கப்பட்டுள்ளன. பழைய கட்டுரைகளைப் படிப்போர், எந்த நிலத்திலிருந்து பெற்ற விலங்கு என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

இரண்டாவது தடை இன்னும் பெரியது. அதனை உணர்த்தியது குள்ள ஹம்ஸ்ரரின் உறவாகிய பொன்னிற ஹம்ஸ்ரர். 1930 இல் இஸ்ரேல் அகரோனி என்னும் விலங்கியலறிஞர் சிரியாவின் அலெப்போ நகர்ப்புறத்தில் ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் தோண்டியெடுத்தார். அக்குட்டிகளிற் பிழைத்த சிலவற்றின் வழித்தோன்றல்கள் உலகின் ஆய்வுகூடங்களிலெல்லாம் பெருகின. அவை சக்கரத்தில் இரவில் மட்டும் ஓடின. விளக்கணைத்த சில நிமிடங்களில் ஓட்டத்தைத் தொடங்கும் அவற்றின் ஒழுங்கு கடிகாரத்தைப் போன்றிருந்தது. உடற்கடிகார ஆராய்ச்சிக்கு அவை தலையாய விலங்குகளாயின. 1988 இல் 24 மணிக்குப் பதிலாக ஏறத்தாழ 20 மணிக்கொருமுறை மீளும் கடிகாரமுடைய பொன்னிற ஹம்ஸ்ரரைக்கூட ரால்ஃபும் மெனாக்கரும் கண்டறிந்து வெளியிட்டனர்.

இவ்வளவும் அறிந்தபின்னரும், அவ்விலங்கு தன் சொந்த வயலில் எவ்வாறு நாளைக் கழிக்கின்றது என்பதை ஒருவரும் முறையாக அளந்திருக்கவில்லை. ஜேர்மனியின் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோல்ஃப் கற்றர்மனும் அவருடைய குழுவினரும் தென் துருக்கியின் வயல்களிற் சென்று, பெண் ஹம்ஸ்ரர்களை நேரிற் கண்டும் கருவிகளாற் பதிந்தும் ஆராய்ந்தனர். 2008 இல் வெளிவந்த அவ்வாய்வின் முடிவு பலரைத் திகைக்க வைத்தது. இரவு விலங்கின் இலக்கணமாக நூல்கள் காட்டிய பொன்னிற ஹம்ஸ்ரர், வயலிலே காலை 6 மணி முதல் 8 மணி வரையிலும், மாலை 4 மணி முதல் 7.30 மணி வரையிலும் வெளியே நடமாடிற்று. இரவில் வளைக்குள்ளேயே இருந்தது. கூண்டிலே ஆந்தையும் இல்லை, நரியும் இல்லை. உணவு காலடியிற் கிடக்கின்றது. குளிரும் வெயிலும் அளவோடு நிற்கின்றன. அங்கு விலங்கு காட்டும் நாளொழுங்கு பொய்யன்று. ஆனால் அது கூண்டின் நாளொழுங்கு.

குள்ள ஹம்ஸ்ரரின் வரலாற்றிற்கு இது தக்க எச்சரிக்கையாகும். நல்லூழாக, அதனை வாழிடத்திற் சென்று கண்டோர் சிலர் முன்னரே இருந்தனர். சோவியத் விலங்கியலறிஞர் விளாதிமிர் ஃபிளின்ற் குள்ள ஹம்ஸ்ரர்களைப்பற்றித் தனிநூலொன்றை 1966 இல் வெளியிட்டார். பின்னர், கனடாவின் கதரீன் வின்-எட்வேட்ஸ் என்னும் அறிஞர், மொஸ்கோவின் அலெக்சி சூரொவ் முதலியோரோடு சேர்ந்து, மொங்கோலியாவின் வடவெல்லையை அடுத்த துவா நாட்டிலும் பிற இடங்களிலும் களஆய்வு நடத்தினார். அங்கு அவர்கள் விலங்குகளை நேரடியாக இரவிற் பின்தொடர்ந்து நோக்கினர். 1999 இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையொன்று, இப்பேரினத்தின் உறுப்பினரிடையே உடலினுள்ளிருந்து எழும் இயக்க ஒழுங்கிலேயே வேறுபாடுண்டு என்பதை ஆராய்ந்தது.

களத்திலே கிடைத்த படத்தைச் சுருக்கமாகக் கூறுவோம். கம்பலின் ஹம்ஸ்ரர் அந்தி மயங்கும் வேளையில் வளையினின்று வெளிப்படுகின்றது, இருளில் விதைகளையும் பூச்சிகளையும் தேடி நெடுந்தூரம் ஓடுகின்றது, கன்னப் பைகளை நிரப்பி வளைக்குத் திரும்பிச் சேமிக்கின்றது, விடியலுக்குள் ஒளிந்துகொள்கின்றது. நாளின் பெரும்பகுதி நிலத்தின் கீழே கழிகின்றது. வெளியே அது செலவிடும் ஒவ்வொரு கணமும் ஆந்தைக்கும் நரிக்கும் இரையாகும் ஆபத்தையுடையது.

இவ்வொழுங்கு குட்டிகளின் உயிரோடு எவ்வாறு தொடர்புறுகின்றது என்பதை எண்ணும்போதுதான் இவ்வாராய்ச்சியின் பயன் முற்றும் விளங்குகின்றது. துவாவின் இரவுகள் கோடையிலும் குளிர்ந்தவை. ஹம்ஸ்ரரின் குட்டிகள் மயிரின்றிப் பிறப்பவை. தம் உடற்சூட்டைத் தாமே காக்கவியலாதவை. தாயோ இரவில் வெளியே சென்று உண்ணாவிடிற் பால் சுரக்கவியலாது. அவள் சென்றால் குட்டிகள் குளிரும். இருந்தால் பட்டினி கிடக்கும். இவ்விக்கட்டினைத் தீர்ப்பது தந்தையின் இருப்பு. 1989 இல் வின்-எட்வேட்ஸும் லிஸ்க் என்பவரும் வெளியிட்ட சோதனையில், தந்தையை நீக்கியபோது கம்பலின் ஹம்ஸ்ரர்க் குட்டிகளிற் பிழைத்தவை பெரிதும் குறைந்தன. சுங்காரிய ஹம்ஸ்ரரிடத்து அத்தகைய பேரிழப்பு நேரவில்லை. கம்பலின் ஹம்ஸ்ரர் இனத்துத் தந்தை பிரசவத்தின்போது குட்டியை வெளியே எடுக்க உதவி, அதன் மேற்சவ்வை நீக்கி நக்கித் துப்புரவாக்குவதையும் 2000 ஆம் ஆண்டு ஜோன்ஸ் என்பவருடன் வின்-எட்வேட்ஸ் எழுதி வெளியிட்டார். உருவில் ஏறத்தாழ ஒன்றாய்த் தோன்றும் இரண்டு இனங்களிலே குடும்பத்தின் அமைப்பு இத்துணை வேறுபட்டிருத்தல், பெயர்க் குழப்பம் எவ்வளவு தீங்கானது என்பதையும் காட்டுகின்றது.

கடிகாரம் பழுதானால் யாது நேரும் என்பதற்கும் சான்று உண்டு. ஹாலே நகர ஆய்வுகூடத்தில் வளர்ந்த சுங்காரிய ஹம்ஸ்ரர்களிடையே, மாலையிற் புறப்படவேண்டிய வேளை நாளுக்கு நாள் பிந்திச் செல்லும் விலங்குகளும், நாளொழுங்கே இல்லாதவையும் தோன்றின. வைனெர்ட், ஷொற்னர் ஆகியோர் அவற்றை 2007 முதல் விவரித்துள்ளனர். அமெரிக்காவில் நோர்மன் ரூபியும் அவருடைய குழுவினரும், ஒளியைக் குறித்த முறையில் மாற்றி நாளொழுங்கை இழக்கச் செய்த ஹம்ஸ்ரர்கள் நினைவாற்றலிலும் குன்றுவதை 2008 இற் காட்டினர். கூண்டிலே அத்தகைய உயிர் உண்டு உறங்கி முதுமையடையலாம். புல்வெளியிலோ, வேளை தவறிப் புறப்பட்ட ஹம்ஸ்ரர் வெயிற்பொழுதில் கழுகின் கண்ணிற்படும். உண்பதற்குரிய இருட்பொழுதையும் இழக்கும்.

கடந்த அரை நூற்றாண்டில் குள்ள ஹம்ஸ்ரர்கள் உலகெங்கும் வீடுகளில் வளர்க்கப்படும் செல்லப் பிராணிகளாகியுள்ளன. பகலில் அது உறங்குவதைக் கண்டு சோம்பேறி எனக் கருதித் தட்டி எழுப்பும் சிறுவர்களும், நள்ளிரவிற் சக்கரம் சுழலும் ஓசைகேட்டுச் சினக்கும் பெரியோரும் உளர். கூண்டின்மேல் இரவு முழுவதும் விளக்கை எரியவிடுவதாலும் குறும்பகலில் வைப்பதாலும் அதன் உடலில் எத்தகைய மாற்றங்கள் நேரும் என்பதை மேலே கண்டோம். பகலில் அதனை உறங்கவிடுதலும், இரவை இரவாகவே அதற்கு விட்டுவைத்தலும் வளர்ப்போர் கடமையாகும்.

பல்லாஸ் தன் பயண நூலில் இவ்விலங்கைக் குறித்த 1773 ஆம் ஆண்டிற்கும், துவாவின் புல்வெளியில் அதன் இரவை அறிஞர் பின்தொடர்ந்த காலத்திற்கும் இடையே இரு நூற்றாண்டுகளுக்கு மேல் உள்ளன. நூதனசாலை அதற்குப் பெயரளித்தது. ஆய்வுகூடம் அதன் உள்ளே ஓடும் கடிகாரத்தைக் காட்டிற்று. அக்கடிகாரம் எதற்காக ஓடுகின்றது என்பதை, குளிரும் இருளும் ஆந்தையும் பசித்த குட்டிகளுமுள்ள அதன் சொந்த நிலமே உணர்த்திற்று. ஓருயிரின் வாழ்வைப்பற்றித் தீர்ப்புக் கூறுமுன், அவ்வுயிரை எங்கே வைத்துக் கண்டோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுதல் நன்று.